விருதும் துலாக்கோலும்

தியாகராய நகரில் தெற்கு போக் சாலை என வெள்ளையர் ஒருவரின் பெயரைத் தாங்கி நின்ற வீதி, இன்று செவாலியே சிவாஜி கணேசன் சாலை என வழங்குகின்றது. நடிகர் திலகம் வாழ்ந்த ‘அன்னை இல்லம்’ அவ்வீதியில்தான் உள்ளது. ‘செவாலியே’ என்பது, கலை இலக்கியத் துறைகளில் சிறந்தோர்க்குப் பிரெஞ்சு அரசு வழங்கும் பட்டத்தின் பெயர். 1995-ஆம் ஆண்டில் அப்பட்டம் சிவாஜி கணேசனுக்குக் கிட்டியது. அதன்பின் அது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. வீதியின் பெயர்ப்பலகையிலும் ஏறிவிட்டது.

அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1960-ஆம் ஆண்டில், கெய்ரோ மாநகரில் நடைபெற்ற ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில், ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்காக அவர் சிறந்த நடிகர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே படத்துக்கு இசையமைத்த ஜி. ராமநாதனும் அவ்விழாவில் பரிசு பெற்றார். கடல் கடந்த நாடொன்று தமிழ்த் திரைக் கலைஞரை அழைத்துச் சிறப்பித்த அச்செய்தியைத் தமிழகம் விழாவாகவே கொண்டாடியது. எனினும் வீதிப் பலகையில் ஏறியது பாரிசின் பட்டமே. கெய்ரோவின் பரிசு அன்று.

கலைஞர் ஒருவர், கலைத்திறன் ஒன்று, சிறப்பித்த நாடுகள் இரண்டு. 1956-ல் சூயஸ் கால்வாயை முன்னிட்டு எகிப்தின் மீது படையெடுத்த நாடுகளுள் பிரான்சும் ஒன்று என்பதை நினைவிற் கொண்டால், ஒன்றோடொன்று போரிட்ட இரு நாடுகள் ஒரே தமிழரைச் சிறப்பித்திருக்கின்றன என்பது விளங்கும். இவற்றுள் எது கலைக்குக் கிடைத்தது? எது அரசியலின் கணக்கில் எழுதப்பட வேண்டியது? அரசியல் கலந்த பரிசு தன் மதிப்பை இழந்துவிடுமா? இழக்குமெனின், அரசியல் கலவாத சர்வதேசப் பரிசு என்று ஒன்று உண்டா? இவ்வினாக்களை நாம் நிதானமாக எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

திரைப்படத்துக்கும் தீன்நெறி பேணும் குடும்பத்துக்கும் என்ன தொடர்பு என்று நம் வாசகருள் சிலர் வினவக்கூடும். நடிப்பும் இசையும் ஆகுமா ஆகாதா என்பதை ஆராய்வது நமது இன்றைய நோக்கம் அன்று. அது ஆலிம் பெருமக்கள் பேச வேண்டிய பொருள். நாம் பேச விரும்புவது தீர்ப்பின் நேர்மையைப் பற்றி. ஒருவரை இன்னொருவர் ‘இவர் சிறந்தவர்’ என்று உலகின் முன் அறிவிக்கும்போது அங்கே ஒரு சாட்சியம் சொல்லப்படுகின்றது. சாட்சியத்தைப் பற்றி நமது மார்க்கம் எத்துணை அக்கறையோடு பேசுகின்றது என்பதை நாம் அறிவோம். சாட்சி சொல்பவன் நேர்மையாளனாக இருக்க வேண்டும். உறவுக்காகவோ பகைக்காகவோ நா பிறழலாகாது. சினம் கொண்ட நிலையில் காஜி தீர்ப்பு வழங்கலாகாது. பரிசுக் குழுவில் அமரும் நடுவரும் ஒருவகையில் சாட்சியே. அந்தப் பரிசைப் பற்றித் திண்ணையில் அமர்ந்து பேசும் நாமும் சாட்சிகளே. முன்னவரின் நேர்மையை ஆராய்வதற்கு நமக்கு எப்போதும் நேரம் கிடைக்கின்றது. பின்னவரின் நேர்மைதான் பெரும்பாலும் ஆராயப்படாமற் போகின்றது.

முதலில் கெய்ரோவைப் பார்ப்போம். அவ்விழா எவ்வாறு பிறந்தது? 1955-ல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் ஆசிய ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள் கூடினர். புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் தமக்குள் கைகோத்து நிற்க வேண்டும் என்ற வேட்கை அங்கிருந்து பரவியது. அதன் விளைவுகளுள் ஒன்றே ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழா. 1958-ல் தாஷ்கண்டிலும், 1960-ல் கெய்ரோவிலும், 1964-ல் ஜகார்த்தாவிலும் அது நடந்தது. முதல் விழா சோவியத் மண்ணில் நடந்தது என்பதே அதன் பின்னால் இருந்த அரசியலை ஓரளவு சொல்லிவிடும். கெய்ரோவில் விழா நடந்தபோது எகிப்தும் சிரியாவும் ஐக்கிய அரபுக் குடியரசு என ஒன்றாக இணைந்திருந்தன. ஜமால் அப்துந் நாசிர் அதன் தலைவர். நேருவும் நாசிரும் நெருங்கிய நட்புப் பூண்டிருந்த காலம் அது. அந்தப் பந்தலைக் கட்டியது அரசியல் என்பதில் ஐயமில்லை.

அப்பந்தலுக்கு வந்த படமோ, ஆங்கிலேயக் கும்பினியின் வரியை மறுத்த பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரின் கதை. 1799-ஆம் ஆண்டு மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். அதே ஆண்டு அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். நமது நாட்டு வரலாற்றில் அருகருகே எழுதப்பட வேண்டிய இறப்புகள் இவை. இக்கதை எகிப்தியரின் செவியில் எவ்வாறு ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1876 முதலே எகிப்தின் கருவூலம் ஐரோப்பியக் கடன்காரர்களின் பிடியில் இருந்தது. அதை எதிர்த்து எழுந்த அஹ்மது உறாபி பாஷாவை 1882-ல் ஆங்கிலப் படை தோற்கடித்தது. அலெக்சாந்திரியா நகரம் கடலிலிருந்து சுடப்பட்டது. உறாபி பாஷா இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கே அவர், ‘அசன்பே சரித்திரம்’ என்னும் தமிழ் நவீனத்தை 1885-ல் வெளியிட்ட அறிஞர் சித்திலெப்பையின் கல்விப் பணிக்கு உற்ற துணையாக நின்றதையும், 1892-ல் கொழும்பில் ஸாஹிராக் கல்லூரிக்கு வித்திடப்பட்டதையும் நம் வாசகர் பலர் அறிந்திருப்பர். தமிழ் முஸ்லிம்களுக்கும் கெய்ரோவுக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததன்று.

ஆங்கிலப் படையின் கடைசி வீரன் எகிப்தை விட்டு வெளியேறியது 1956-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். அடுத்த மாதமே நாசிர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். அவ்வாண்டு முடிவதற்குள் இஸ்ரேலும் பிரிட்டனும் பிரான்சும் எகிப்தைத் தாக்கின. அந்தப் புண் ஆறி நான்காண்டு நிறைவதற்குள், வரி கேட்டு வந்த வெள்ளை அதிகாரியின் முன் நிமிர்ந்து நின்று வழக்காடும் ஒரு பாளையக்காரனைக் கெய்ரோ திரையில் கண்டது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அக்காட்சியின் பொருள் தெரியும். அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தை, விழிகளின் சினத்தை, நடையின் மிடுக்கை மொழிபெயர்க்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

ஆகவே, அரசியல் அந்தப் பரிசில் கலந்திருந்தது என்று சொல்வது உண்மை. அதனால் அந்தப் பரிசு பொய் என்று சொல்வது உண்மையன்று. தமிழ் நடிப்பை இருந்து கேட்கும் ஓர் அவையை அரசியல் கூட்டித் தந்தது. கேட்கும் செவியையும் அந்நாட்டு வரலாறு பண்படுத்தி வைத்திருந்தது. அவ்வவையில் நின்று நடிப்பது மட்டும் கலைஞனின் வேலையாக எஞ்சியது. அதை அவர் செய்தார். அவை கூட்டியவர் யார் என்பதும், அவையில் நின்றவர் என்ன செய்தார் என்பதும் இரு வேறு வினாக்கள். இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதே இத்துறையில் நாம் காணும் முதற் பிழை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். ஐரோப்பாவும் அமெரிக்காவும் விலக்கப்பட்ட விழாவில் பெற்ற பரிசை உலகப் பரிசு என்று எப்படிச் சொல்வது? பொருள் உள்ள மறுப்புத்தான். ஆசிய ஆப்பிரிக்க நாடுகளுக்குள் நடந்த போட்டியில் முதன்மை என்பதே அதன் சரியான அளவு. அதற்கு மேல் ஏற்றிச் சொல்வது நியாயமாகாது. ஆனால் இதே அளவுகோலை மற்ற பந்தல்களுக்கும் நாம் நீட்டிப் பார்க்க வேண்டும். 1964-ஆம் ஆண்டு இத்தாலியின் வெனிஸ் நகரக் கலைக் கண்காட்சியில் ராபர்ட் ராஷன்பர்க் என்னும் அமெரிக்க ஓவியருக்குப் பெரும் பரிசு வழங்கப்பட்டது. அவ்வாண்டு அமெரிக்கப் பகுதியை அந்நாட்டு அரசே முன்னின்று நடத்தியது. இடம் போதாமையால் பல படைப்புகள் அங்கிருந்த பழைய அமெரிக்கத் துணைத் தூதரகக் கட்டடத்தில் வைக்கப்பட்டிருந்தன. அதிகாரபூர்வமான வளாகத்துக்குள் இருப்பவற்றுக்கே பரிசு உண்டு என்ற நிலை எழுந்தபோது, ஓவியங்கள் சில படகிலேற்றிக் கொண்டுவரப்பட்டன. அமெரிக்க ஆதிக்கம் பரிசை வாங்கிவிட்டது என ஐரோப்பிய ஏடுகள் கொதித்தன. ஓவியர் தகுதியற்றவர் என்று இன்று எவரும் சொல்வதில்லை. அந்தப் படகில் அரசியல் பயணம் செய்யவில்லை என்றும் எவரும் சொல்வதில்லை. கெய்ரோவின் பந்தலில் அரசியல் வெளிப்படையாகத் தோரணம் கட்டியிருந்தது. வெனிசில் அது பின்வாயில் வழியே வந்தது. வேற்றுமை அவ்வளவே.

1962-ல் அமெரிக்க அரசும் சிவாஜி கணேசனைக் கலாசாரப் பரிமாற்ற விருந்தினராக அழைத்தது. அப்பயணத்தில் நயாகரா நகரின் ஒரு நாள் மேயராக அவர் சிறப்பிக்கப்பட்டார். இரு வல்லரசுகள் ஆசிய மக்களின் நெஞ்சைத் தம்பக்கம் ஈர்க்கப் போட்டியிட்ட காலத்தில், தமிழ்நாட்டு நடிகர் ஒருவருக்கு விருந்தோம்பியதில் அரசியல் நோக்கம் அறவே இல்லை என்று எவரும் சொல்லமாட்டார். அழைப்பை ஏற்றுச் சென்று திரும்பியவரிடம் எந்த மாற்றமும் இல்லை. மறுநாள் முதல் வழக்கம்போல் நடிக்கப் போனார் என்பதும் உண்மை.

இங்கேதான் நிய்யத் என்னும் சொல் நமக்கு ஒளி காட்டுகின்றது. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்று நாம் சிறுவயதிலேயே கற்றுக்கொண்டோம். அந்தப் பாடத்தின் மறுபக்கத்தை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் எண்ணத்தின் பயனே உண்டு. ஒருவருடைய எண்ணத்தின் சுமை மற்றவர் தலையில் ஏறாது. கொடுக்கும் அரசின் நிய்யத் வேறு. வாங்கும் கலைஞனின் நிய்யத் வேறு. கொடுப்பவன் தன் புகழுக்காகக் கொடுத்தான் என்பதனால் வாங்கியவனின் உழைப்பு மாசுபடாது. வாங்கியவன் அதற்காக எதை விலையாகக் கொடுத்தான் என்பதே கேட்கத்தக்க வினா. சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விழுங்கினானா? பார்த்த அநீதியைப் பார்க்காதவன் போல் எழுதினானா? பரிசளித்தவனின் பகைவனைத் தன் பகைவனாக ஏற்றுக்கொண்டானா? இவற்றுள் ஒன்றும் இல்லையெனின், அரசியல் வாங்கிவந்த பரிசையும் கலைஞன் நிமிர்ந்த தலையோடு ஏற்கலாம்.

உருசிய எழுத்தாளர் போரிஸ் பாஸ்டர்நாக் 1958-ல் நோபல் பரிசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அவருடைய அரசாங்கம் அவரை மிரட்டிப் பரிசை மறுக்க வைத்தது. அவருடைய ‘டாக்டர் ஷிவாகோ’ நவீனத்தின் உருசியப் பதிப்பைப் பரப்பியதில் அமெரிக்க உளவுத்துறைக்குப் பங்கு இருந்தது என்பதை 2014-ல் வெளியான அவர்களது ஆவணங்களே ஒப்புக்கொண்டன. ஒரு வல்லரசு அந்நூலை ஆயுதமாக்கியது. மற்றொரு வல்லரசு அதனைக் குற்றமாக்கியது. எழுதியவரோ பல்லாண்டு தனியறையில் அமர்ந்து தன் மனசாட்சிக்காக எழுதியவர். உளவுத்துறை பரப்பியது என்பதனால் அந்த நவீனம் கூலிக்கு எழுதியதாகிவிடுமா? ஆகாது என்பதே நேர்மையான விடை.

மீண்டும் கெய்ரோவுக்கே வருவோம். அந்நகரின் சந்துகளையும் குடும்பங்களையும் எழுதிய நஜீப் மஹ்ஃபூஸுக்கு 1988-ல் இலக்கிய நோபல் பரிசு கிடைத்தது. அரபு மொழிக்குக் கிடைத்த முதல் நோபல் பரிசு. மகிழ்ந்தவர் பலர், முகம் சுளித்தவரும் பலர். எகிப்து 1979-ல் இஸ்ரேலோடு செய்துகொண்ட உடன்படிக்கையை அவர் ஆதரித்தவர். அதனால் அரபு நாடுகள் சிலவற்றில் அவர் நூல்கள் தடுக்கப்பட்டும் இருந்தன. ‘உடன்படிக்கையை ஆதரித்தார், ஆகவே மேலைநாட்டார் பரிசளித்தார்’ என்று அன்று பேசப்பட்டது. அந்த அரசியல் நிலைப்பாட்டை மறுக்க எவருக்கும் உரிமை உண்டு. ஃபலஸ்தீன மக்களின் துயரை எண்ணி நாமும் வருந்துகின்றோம். ஆனால் கெய்ரோ மக்களின் மூன்று தலைமுறை வாழ்வைச் சொல்லும் அவரது மூன்று நவீனங்கள் 1956, 1957 ஆண்டுகளிலேயே வெளிவந்துவிட்டன. உடன்படிக்கைக்கு இருபதாண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்ட நூல், உடன்படிக்கைக்காக எழுதப்பட்டிருக்க இயலாது. அவருடைய மற்றொரு நவீனம் மார்க்கத்துக்கு முரணானது என்று 1959 முதலே கண்டனம் எழுந்திருந்தது. 1994-ல் இளைஞன் ஒருவன் அம்முதியவரின் கழுத்தில் கத்தி பாய்ச்சினான். அவர் உயிர் தப்பினார். எழுதும் கை முடங்கியது. ஒரு நூலை மறுப்பதற்கு எழுதுகோல் இருக்கின்றது; கத்தி எடுத்தவன் மார்க்கத்துக்காகச் சாட்சி சொன்னவனாக மாட்டான்.

பரிசும் அரசியலும் பின்னிக்கிடப்பது புதுமையுமன்று. கஅபு இப்னு ஸுஹைர் என்னும் கவிஞர் நாயகம் (ஸல்) அவர்களை இகழ்ந்து பாடி, தண்டனைக்கு அஞ்சித் திரிந்து, பின்பு மனம் மாறி அவர்கள் திருமுன் வந்து நின்று கவி பாடினார். அண்ணலார் தம் மேனியிலிருந்த போர்வையை எடுத்து அவருக்கு அணிவித்தார்கள். இஸ்லாமிய வரலாற்றில் கவிஞர் ஒருவர் பெற்ற பெரும் பரிசு அது. நேற்றுவரை எதிரியாய் இருந்தவரின் சொல்லிலும் அழகு இருக்கக்கூடும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அப்போர்வையைக் கஅபின் வாரிசுகளிடமிருந்து முஆவியா (ரலி) அவர்கள் பெரும்பொருள் கொடுத்துப் பெற்றதாகவும், பின்வந்த கலீபாக்கள் அதனை ஆட்சியின் அடையாளமாக அணிந்ததாகவும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கொடுத்தபோது அது அன்பின் பரிசு. கைமாறிய பின் அரியணையின் சின்னம். பின்னர் வந்த மன்னர்கள் அதனை எதற்குப் பயன்படுத்தினர் என்பதை வைத்து, முதலில் அதனை வழங்கிய கையையும் பெற்ற கவிஞரையும் எடைபோட எவரும் துணியமாட்டோம்.

இவ்வளவும் எளிதாக ஒப்புக்கொள்ளக் கூடியவை. கடினமான பகுதி இனிமேல்தான் வருகின்றது. கெய்ரோவில் தமிழனுக்குப் பரிசு கிடைத்தால் அது கலையின் வெற்றி. நமக்குப் பிடிக்காதவருக்கு இலண்டனில் பரிசு கிடைத்தால் அது அரசியலின் சூழ்ச்சி. நம்மில் பலரது பேச்சு இவ்வாறுதான் அமைந்திருக்கின்றது. வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்து அளக்கும் வணிகரைப் பற்றித் திருமறை தனியோர் அத்தியாயத்தில் எச்சரிக்கின்றது. அரிசிக்கும் துணிக்கும் மட்டும் உரிய எச்சரிக்கை என்று அதனைக் கடைவீதியோடு நிறுத்திவிடலாகாது. புகழையும் மனிதர்கள் அளந்துதான் கொடுக்கின்றனர். பகை கொண்ட கூட்டத்தாரிடத்திலும் நீதி தவறாதீர் என்பதும் நமக்கு இடப்பட்ட கட்டளையே. உமையா இப்னு அபிஸ்ஸல்த் என்னும் கவிஞர் இஸ்லாத்தை ஏற்காமலே இறந்தவர். ஆயினும் அவருடைய கவிதைகளைப் பாடச் சொல்லி, இன்னும் இன்னும் என்று நூறு அடிகள் வரை நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டதாக நபிமொழித் தொகுப்புக் கூறுகின்றது. நம் துலாக்கோலுக்கு இதுவே முன்மாதிரி.

அண்டை மாநிலத்து நிகழ்ச்சி ஒன்றை அத்துலாக்கோலில் வைத்துப் பார்க்கலாம். கர்நாடகத்தின் ஹாசன் நகரைச் சேர்ந்த வழக்கறிஞரும் எழுத்தாளருமான பானு முஷ்தாக், தம் கன்னடச் சிறுகதைகளின் ஆங்கிலத் தொகுப்புக்காக 2025-ஆம் ஆண்டு மே மாதம் சர்வதேசப் புக்கர் பரிசைப் பெற்றார். மொழிபெயர்த்த தீபா பாஸ்தியும் பரிசில் பங்கு பெற்றார். முஸ்லிம் இல்லங்களில் பெண்கள் படும் துயரமே அக்கதைகளின் பொருள். ‘நம் வீட்டுக் குறையை ஊரறியச் சொல்பவர்க்கு மேலைநாட்டார் பரிசு கொடுக்காமல் இருப்பார்களா?’ என்று கேட்கும் நாவுகள் நம்மிடையே உண்டு. அதே ஆண்டு மைசூர் தசரா விழாவைத் தொடங்கிவைக்கக் கர்நாடக அரசு அவரை அழைத்தது. முஸ்லிம் ஒருவர் அவ்விழாவைத் தொடங்கலாகாது என்று வேறு சிலர் எதிர்த்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று தள்ளுபடி ஆயிற்று. ஒரு தரப்புக்கு அவர் போதிய முஸ்லிம் அல்லர். மறு தரப்புக்கு அவர் முஸ்லிமாக இருப்பதே குற்றம். இரு தரப்பும் பரிசைப் பற்றிப் பேசின. கதைகளைப் படித்தவர்கள் இரு தரப்பிலும் எத்தனை பேர்? மேலைநாட்டாரின் விருப்பு வெறுப்புகளை நாம் ஐயுறலாம்; ஐயுறவும் வேண்டும். ஆனால் அக்கதைகளில் வரும் தாய், கைவிடப்பட்ட மனைவி, பங்கு மறுக்கப்பட்ட மகள் ஆகியோர் நம் தெருவில் இருக்கின்றனரா இல்லையா என்பதை இலண்டன் நடுவர்களைக் கேட்டு நாம் அறிய வேண்டியதில்லை. இருக்கின்றனர் எனில், பரிசின் அரசியலைப் பேசி அவர்களை மறைப்பது குறைத்து அளப்பதேயாகும்.

மறுதட்டிலும் ஒன்றை வைக்க வேண்டும். மயிலாப்பூரை அடுத்துள்ள மியூசிக் அகாடமி, டி.எம். கிருஷ்ணாவை ‘சங்கீத கலாநிதி’ பட்டத்துக்குத் தேர்ந்தெடுத்ததாக 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அறிவித்தது. மணிலாவில் வழங்கப்படும் மகசேசே விருதை 2016-ல் பெற்றவர் அவர். சாதி, சமயம், அரசியல் ஆகியவற்றில் வெளிப்படையாகக் கருத்துரைப்பவர் என்பதால், இசைவாணர் சிலர் அவ்வாண்டு அங்கே பாடமாட்டோம் என விலகினர். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் பெயரால் நாளேடு ஒன்று நிறுவிய பரிசை அவருக்கு அளிக்கலாமா என்பது குறித்து வழக்கும் எழுந்து, உயர் நீதிமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் கண்டது. அந்த அம்மையாரும் 1974-ல் அதே மகசேசே விருதைப் பெற்றவர்தாம். அப்போது மணிலாவில் மார்க்கோசின் இராணுவச் சட்டம் நடந்துகொண்டிருந்தது. அதனை ஒரு குறையாக எவரும் அவர் மேல் ஏற்றவில்லை, ஏற்றாததே நியாயம்.

2018-ல் கிறித்தவப் பாடல்களைக் கருநாடக இசையில் பாடிய கலைஞர்கள் மிரட்டப்பட்டபோது, மாதந்தோறும் ஏசுவையோ அல்லாஹ்வையோ பற்றி ஒரு பாடல் வெளியிடுவேன் என்று கிருஷ்ணா அறிவித்தார். நம் உள்ளம் அவரிடம் சாய்வது இயல்பு. அந்தச் சாய்வைத்தான் நாம் கண்காணிக்க வேண்டும். அல்லாஹ்வின் பெயரைப் பாட முன்வந்தார் என்பதற்காக அவர் சிறந்த இசைவாணர் என்று நாம் சொன்னால், நம் சொல் சாட்சியம் ஆகாது. நன்றி மட்டுமே ஆகும். நன்றி நல்ல குணந்தான். ஆனால் அதனைத் தீர்ப்பின் இருக்கையில் அமர்த்தினால், அவரை வெறுப்பதற்காக அவர் இசையை மறுப்பவர்களுக்கும் நமக்கும் வேறுபாடு இல்லாமற் போகும். அவர் துணிவை மனிதராக மதிப்போம். அவர் பாட்டின் தகுதியைப் பாட்டறிந்தோர் பாட்டைக் கேட்டுச் சொல்லட்டும்.

சிவாஜி கணேசனுக்குத் திரும்புவோம். சிறந்த நடிகருக்கான தேசிய விருது 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கிற்று. அதன்பின் அவர் நடித்த ஆண்டுகள் பல. அவ்விருது அவருக்கு ஒருமுறையும் கிட்டவில்லை. பத்ம விருதுகளும், 1996-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதும் கிட்டின. அவர் திராவிட இயக்க மேடையில் வளர்ந்து, பின் காமராசரின் பக்கம் நின்று, பிறகு தனிக்கட்சி கண்டு தேர்தலில் தோற்றவர். ஒவ்வொரு விருதின் வருகையையும் வராமையையும் அந்த அரசியலோடு பொருத்திப் பேசுவோர் இன்றும் உளர். 2006-ல் மயிலாப்பூர்க் கடற்கரையில், இராதாகிருஷ்ணன் சாலை காமராசர் சாலையைத் தொடும் இடத்தில் அவருக்குச் சிலை எழுந்தது. போக்குவரத்துக்கு இடையூறு என்று வழக்குத் தொடுக்கப்பட்டு, 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அது பெயர்த்தெடுக்கப்பட்டு, அடையாற்றில் அமைந்த மணிமண்டபத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. நிறுவியது ஓர் ஆட்சி. பெயர்த்தது மற்றோர் ஆட்சி. அதற்கும் அரசியற் பொருள் சொல்லப்பட்டது.

தியாகராய நகரில் ஒரு பெயர்ப்பலகை, மயிலாப்பூரில் ஒரு வெற்றிடம், அடையாற்றில் ஒரு மண்டபம். மனிதர் வழங்கும் சிறப்பின் நிலையாமையைச் சென்னை நகரமே இவ்வாறு எழுதிக் காட்டுகின்றது. கெய்ரோவின் பந்தலும் அப்படியே கலைந்தது. எகிப்தும் சிரியாவும் 1961-லேயே பிரிந்தன. ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழா ஜகார்த்தாவோடு ஓய்ந்தது. நாசிரும் இல்லை, நேருவும் இல்லை. அந்தப் பந்தலைக் கட்டிய அரசியல் முழுவதும் இன்று வரலாற்றுப் பாடம். அந்தப் படமோ தொலைக்காட்சியில் இன்றும் ஓடுகின்றது. நாசிர் யார் என்றறியாத பேரப்பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கின்றனர். சாட்சிகள் கலைந்த பின்னும் சாட்சியம் நிற்கின்றது எனில், அது உண்மையான சாட்சியம் என்றே கொள்ள வேண்டும். பந்தலோடு சேர்ந்து மறந்துபோன பரிசுகளும் உலகில் பல உண்டு. அவற்றைப் பற்றியும் காலம் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது.

ஆதலால் நாளேட்டில் ஒரு சர்வதேசப் பரிசின் செய்தியைப் படிக்கும்போது, நம் இல்லங்களில் மூன்று வினாக்களைத் தனித்தனியே கேட்கும் பழக்கம் வளர வேண்டும். பரிசளிப்பவர் யார், அவருக்கு அதில் என்ன பயன்? பரிசு பெற்ற படைப்பு உண்மையில் எத்தகையது. நாம் அதனைப் படித்தோமா, பார்த்தோமா? பெற்றவர் அதற்காக எதையேனும் விற்றாரா? முதல் வினாவின் விடையை இரண்டாவதன் விடையாக எழுதிவிடலாகாது. இதே மூன்று வினாக்களை நமக்குப் பிடித்தவர் பரிசு பெறும்போதும், அதே குரலில், அதே வரிசையில் கேட்க வேண்டும். நம் பிள்ளைகளுள் ஒருவர் நாளை எழுதவும் வரையவும் முற்படலாம்; அவருக்கும் ஏதோவொரு நாட்டிலிருந்து அழைப்பு வரலாம். வந்த அழைப்பைக் கண்டு மயங்காமலும் அஞ்சாமலும், தான் செய்த வேலையின் எடையைத் தானே அறிந்து நிற்கும் பக்குவத்தை அவர் பெறுவது நம் வீட்டுத் திண்ணைப் பேச்சிலிருந்துதான்.

நாளை மறுமையில் நிறுவப்படும் மீஸானில் அரசுகளின் பட்டங்கள் வைக்கப்படப் போவதில்லை. பிறர் உழைப்பை நாம் எவ்வாறு அளந்தோம் என்பது அங்கே கேட்கப்படும். அந்த நாளை எண்ணி இன்றே நம் துலாக்கோலைச் சரிசெய்து கொள்வோமாக. வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக.